விடுதிக்குப் பின்னால் பிடித்த ஓணான்கள்

மன்னித்துவிட்டேன் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். எனக்கு அது கைவரவில்லை. ஏறக்குறைய பத்து வருடம் ஒரு மனிதர்மேல் வைத்த கோபத்தோடு சோறு வடித்தேன், பிள்ளை வளர்த்தேன், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினேன், உச்சி வெயிலில் ஓணான் பிடித்தேன். உடம்புக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. சொல்லப்போனால் அந்தக் கோபம் மட்டும் இல்லாவிட்டால் பாதி நாள் படுக்கையை விட்டே எழுந்திருக்க மாட்டேன்.

அந்த மனிதர் திண்டுக்கல்லில் நான் படித்த கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி. தொண்ணூறுகளின் நடுவில் அவரிடம் சேர்ந்தேன். யாரையும் திட்டிப் பேச மாட்டார். குரலை உயர்த்தாமல், மேசையில் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே ஓர் ஆளைக் குழிக்குள் இறக்கிவிடும் சாமர்த்தியம் அவருக்கு இருந்தது. அப்படி இறங்கினவர்களில் நானும் ஒருத்தியாவேன் என்று அப்போது தெரியாது. வெளியூரில் யாராவது கேட்டால் அவர் பெயரைப் பெருமையாகத்தான் சொல்வேன்.

நான் எடுத்துக்கொண்டது விசிறித்தொண்டை ஓணான். வேலியில் தலையாட்டும் பெரிய ஓணான் இல்லை, இது ஒரு விரல் நீளம்தான் இருக்கும். பொட்டல் காட்டிலும் கரட்டு மேட்டிலும் தரையோடு தரையாக ஓடும். கோடையில் ஆண் ஓணான் ஒரு கல்லின்மேல் ஏறி நின்று, கழுத்துக்குக் கீழே மடித்து வைத்திருக்கும் தோலைச் சட்டென்று விரிக்கும், மூடும், விரிக்கும். மயில் தோற்றுவிடும். இதன் சொந்தக்காரர்கள் ராஜஸ்தான் பாலை மணல்வரைக்கும் இருக்கிறார்கள். காய்ந்த நிலம் எங்கெல்லாம் பரவியதோ அங்கெல்லாம் இந்த இனமும் பரவியிருக்கிறது. நடுவில் காடோ மலையோ வந்தால் அதோடு நின்றுவிடும். ஆகவே இதன் மரபணுவைப் படித்தால் எந்தக் கூட்டம் எந்தக் கூட்டத்தைவிட்டு எப்போது பிரிந்தது, எந்தப் பக்கம் எப்போது காய்ந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

அதைப் படிப்பது எப்படி என்று என் வீட்டுக்காரருக்கு நான் விளக்கிய மாதிரியே சொல்கிறேன். எந்த உயிருக்குள்ளும் தாயிடமிருந்து மட்டும் வருகிற ஒரு சிறு மரபணுத் துண்டு உண்டு. அப்பன் பெயர் அங்கே செல்லாது. நாலே நாலு எழுத்துகளில் எழுதிய நீளமான வாசகம் அது. தலைமுறை தலைமுறையாகப் பிரதி எடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்து மாறிப்போகும். மாறினால் மாறியதுதான். அந்தத் தாய்வழியில் வருகிற எல்லோரும் அந்த மாற்றத்தைச் சுமந்தாக வேண்டும். பங்காளிகள் பாகம் பிரித்துப் போன பிறகு ஒரு வீட்டுக் குழம்பில் மட்டும் தேங்காய் சேர்வதைப் போல. இரண்டு கூட்டங்களுக்கு இடையில் எத்தனை எழுத்து வேறுபடுகிறது என்று பார்த்தால் பிரிந்து எவ்வளவு காலம் ஆனது என்று தெரிந்துவிடும்.

எனக்கு மரபணுவைப் பார்ப்பதற்கு முன்பே கண்ணால் ஒன்று தெரிந்துவிட்டது. வத்தலக்குண்டுப் பக்கத்து ஆண்களுக்கு விசிறி சின்னது, வெளிறிய நிறம். ஒட்டன்சத்திரத்தைத் தாண்டிப் பழனிப் பக்கம் போனால் அதே ஓணானுக்கு விசிறி வயிறுவரைக்கும் வருகிறது. நீலம், கறுப்பு, செங்காவி என்று ஒரே ஆடம்பரம். இவை இரண்டும் ஒரே கூட்டம் இல்லை, என்றைக்கோ பிரிந்தவை என்று எனக்குத் தோன்றியது. அதை நிரூபிப்பதுதான் என் ஆராய்ச்சி. மூன்று கோடை வெயிலிலும் பஸ் ஏறி இறங்கினேன். நீளமான ஈர்க்கின் நுனியில் நூலைச் சுருக்குப் போட்டு ஓணான் பிடிப்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த வித்தை. அதையேதான் செய்தேன். ஈர்க்குக்குப் பதில் பழைய ரேடியோவின் ஏரியல் கம்பி. இழுத்தால் நீளும், தள்ளினால் பைக்குள் அடங்கும். பிடித்த ஓணானின் வால் நுனியை அரிசி அளவுக்கு நறுக்கி, சுத்தமான ஸ்பிரிட் ஊற்றிய சின்னக் குப்பியில் போட்டு, பிடித்த இடத்திலேயே ஓணானை விட்டுவிடுவேன். தாகத்துக்குத் தண்ணீர் கேட்ட இராமருக்கு மூத்திரம் கொடுத்த பாவி என்று ஓணானைக் கண்ட இடத்தில் கல்லால் அடிக்கிற ஊர் இது. அதை ஒரு கல்யாணமாகாத பெண் பிடித்துத் தடவிக்கொடுத்து விட்டுவிட்டுப் போனால் என்ன பேசுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பழனிப் பக்கம் அதற்கு ஒடக்கான் என்று பெயர். அங்கே எனக்கு ஒடக்கான்கார அம்மணி என்று பெயர்.

பிறகு கல்யாணமானது. வீட்டுக்காரருக்கு ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் கமிஷன் மண்டி வேலை. நான் பிரசவத்துக்குப் போகும்போது குப்பிகள் அத்தனையும் துறையின் அலமாரியில் இருந்தன. பெங்களூரில் ஒரு பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பி எழுத்துகளைப் படித்து வாங்குவதுதான் பாக்கி. நிதானமாக வாம்மா, எல்லாம் பத்திரமாக இருக்கும் என்று பேராசிரியர் சொன்னார். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு நான் திரும்பி வந்தபோது, என் மேசையில் அவருடைய அக்கா மகன் உட்கார்ந்திருந்தான். பழனிப் பக்கத்துப் பையன். புதிதாக ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தான். தலைப்பு என்ன என்று கேட்டேன். விசிறித்தொண்டை ஓணான் என்றான்.

நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனேன். பால் கட்டி நெஞ்சு வலிக்க, நின்றபடி கேட்டேன். அது என் ஓணான் சார் என்றேன். இப்போது நினைத்தால் சிறுபிள்ளைத்தனமான வாக்கியம்தான். ஆனால் அப்படித்தான் வந்தது. அவர் மேசையில் விரலால் தட்டினார்.

"உன் ஓணானாம்மா? ஓணான் மேல உன் பேரு எழுதியிருக்கா?"

வாசலில் நின்ற அக்கா மகன் சிரித்தான். குழந்தையை வைத்துக்கொண்டு காட்டில் அலைய முடியாதில்லையா, பையன் முடித்துக்கொள்வான், உனக்கு வேறு ஏதாவது சுலபமான தலைப்பு பார்ப்போம் என்று அவர் அன்பாக எடுத்துச் சொன்னார். அந்த அன்பைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட மறந்திருப்பேன்.

வெளியே வரும்போது அலமாரிப் பக்கம் போய் என் குப்பிகளை ஒரு தடவை பார்த்தேன். ஒன்றைத் திறந்தேன். மூக்கைக் குத்தியது. கண்ணில் நீர் வந்தது. அது அழுகை இல்லை, பார்மலின்.

எங்கள் கல்லூரிகளின் விலங்கியல் துறையில் ஒரு பழக்கம் உண்டு. கோடை விடுமுறைக்கு முன்னால் அலமாரியில் இருக்கிற பாம்பு, தவளை, மீன் எல்லாக் குப்பிகளிலும் குறைந்திருக்கிற பார்மலினை நிரப்பி வைப்பார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி வரிசையாக ஊற்றிக்கொண்டே போவார்கள். அக்கா மகன் பொறுப்பான பிள்ளை. என் குப்பிகளில் ஸ்பிரிட் ஆவியாகிக் குறைந்திருப்பதைப் பார்த்து, அவற்றுக்கும் தாராளமாக பார்மலின் ஊற்றி வைத்திருக்கிறான். பார்மலின் உடம்பைக் கெடாமல் வைக்கும். ஆனால் மரபணுவைப் பிணைத்து நொறுக்கிவிடும். அந்தக் காலத்தில் எந்தப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் அதிலிருந்து ஓர் எழுத்துகூடப் படித்திருக்க முடியாது.

என் மூன்று கோடை வேலையும் அந்தக் குப்பிகளில் விறைத்துப்போய்க் கிடந்தது. மூடியைத் திரும்ப இறுக்கி வைத்தேன். பார்மலினைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போய் வாரேன் தம்பி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒட்டன்சத்திரம் வரைக்கும் தன்னால் சிரித்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த அம்மாள் செத்த நேரம் பார்த்துவிட்டு எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

ஒரு தனியார் பள்ளியில் டீச்சர் வேலைக்குச் சேர்ந்தேன். குப்பிகளை அனுப்பிவிட்டு ஓர் எழுத்தும் வராமல் அவர்கள் திருதிருவென்று விழிக்கப்போகும் நாளுக்காகக் காத்திருந்தேன். ஆனால் நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒரு நாள், மாமனும் மருமகனும் சேர்ந்து ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டுவிட்டதாகப் பழைய தோழி ஒருத்தி சொன்னாள். பையனுக்கு டாக்டர் பட்டம் கிடைத்து, அதே கல்லூரியில் வேலையும் ஆகிவிட்டதாம். கட்டுரையை வாங்கிப் படித்தேன். பழனி, ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு மூன்று ஊர் ஓணான்களுக்கும் மரபணுவில் வேறுபாடே இல்லை, இந்தச் சமவெளி முழுக்க ஒரே கூட்டம் என்று அதில் எழுதியிருந்தது.

திரும்ப ஒரு தடவை படித்தேன். அந்தக் குப்பிகளிலிருந்து ஒன்றும் வந்திருக்க முடியாது. அப்படியென்றால் புதிதாகப் பிடித்திருக்கிறார்கள். புதிதாக அந்த மூன்று ஊரிலும் பிடித்திருந்தால் இப்படி ஒரு முடிவும் வந்திருக்க முடியாது. அப்படியானால் எங்கே பிடித்தார்கள்?

அந்தக் கேள்விதான் என்னைத் திரும்பக் காட்டுக்கு அனுப்பியது. வேறு ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில், ஒரு பெண் பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தேன். வீட்டுக்காரர் இரவெல்லாம் மண்டியில் நின்றுவிட்டு, காலையில் என்னை மொபெட்டில் வைத்துக் கரட்டு மேட்டில் இறக்கிவிட்டு, அங்கேயே வேப்ப மரத்தடியில் தூங்குவார். "அம்புட்டுக் கோவமாடி?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. நல்ல மனிதர்.

இந்த முறை எழுத்துகள் வந்தன. நான் கண்ணால் கண்டது சரிதான். கிழக்கும் மேற்கும் இரண்டு தனிக் கிளைகள், வெகு காலத்துக்கு முன் பிரிந்தவை. ஆனால் என் புது வழிகாட்டி ஓர் இடியை இறக்கினார். இதே ஊர்களைப் பற்றி ஏற்கெனவே அச்சாகியிருக்கும் முடிவு இதற்கு நேர்மாறாக இருக்கிறது, அது ஏன் தவறு என்று காட்டாமல் உன் ஆய்வேடு தேறாது என்று சொல்லிவிட்டார். ஆக அந்த மனிதரின் பொய் என் வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டிருந்தது. அதைத் தாண்டாமல் எனக்குப் பட்டம் இல்லை.

இப்படிப் படித்த எழுத்துகளை யாரும் பார்க்கும்படி இணையத்தில் ஒரு பொதுத் தொகுப்பில் போட்டு வைப்பது எங்கள் துறை வழக்கம். எந்த ஊரில் பிடித்தது என்பதும் அதில் இருக்கும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவர்கள் போட்டதை எடுத்துப் பார்த்தேன். பழனி, ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு. மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. அதுமட்டுமல்ல, அவற்றில் ஓர் எழுத்து மாறியிருந்தது, அந்த மாற்றம் நான் பிடித்த எந்த ஓணானிலும் இல்லை. ஒரு சின்ன இடத்தில் வெகு நாளாக அடைபட்டு, தங்களுக்குள்ளேயே பெருகிய கூட்டத்துக்குத்தான் இப்படித் தனியாக ஒரு குறி விழும்.

எங்கே அந்த இடம் என்று திண்டுக்கல்லைச் சுற்றித் தேடினேன். மலைக்கோட்டை அடிவாரம், தண்டவாளத்து ஓரம், குளத்துக் கரை. எதிலும் அந்த எழுத்து இல்லை. பிறகுதான் ஓணானை விட்டுவிட்டு அக்கா மகனை யோசித்தேன். நிழலைத் தாண்டி அடி எடுத்து வைக்காத பிள்ளை. மாணவர் விடுதியிலேயே தங்கி, விடுதியிலேயே சாப்பிட்டு, மின்விசிறிக்கு அடியிலேயே ஆராய்ச்சி செய்தவன். விடுதிக்குப் பின்னால் ஒரு துண்டுப் பொட்டல் உண்டு. ஒரு பக்கம் ரோடு, ஒரு பக்கம் ரயில் பாதை, சுற்றிலும் மதில். அந்த மதில் கல்லூரி தொடங்கிய காலத்தில் கட்டியது.

ஆண்கள் விடுதிக்குள் பெண்ணை விட மாட்டார்கள். பழைய மாணவர் தினத்துக்குக் காத்திருந்தேன். அன்றைக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கும். பட்டுப் புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு போனேன். மைதானத்தில் பிரியாணி அண்டா திறந்த நேரம் பார்த்து விடுதிக்குப் பின்னால் நழுவினேன். கைப்பையிலிருந்து ஏரியல் கம்பியை இழுத்தேன். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முள்ளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அமைதியாக நான் இருந்ததில்லை. ஒரு கல்லின்மேல் ஓர் ஆண் ஓணான் ஏறி நின்று விசிறியை விரித்தது. வா ராசா என்றேன்.

சில மாதம் கழித்து எழுத்துகள் வந்தன. அந்த ஓர் எழுத்தும் இருந்தது.

அந்த வருடமே கல்லூரியில் ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். பேராசிரியர் ஓய்வுபெறப்போகிறார் என்பதால் அவர்தான் தலைமை. என்னையும் பேச அழைத்தார்கள். இது என் மாணவி, நான் ஏற்றிவைத்த விளக்கு என்று மைக்கில் சொல்லி அவரே அறிமுகம் செய்தார். கும்பிட்டுவிட்டு, கண்ணாடித் தாளைப் புரொஜக்டரில் வைத்தேன். திரையில் ஓணான்களின் வம்சக் கொடி விழுந்தது. கிழக்குக் கிளை ஒரு பக்கம், மேற்குக் கிளை ஒரு பக்கம். ஓரத்தில் தனியாக ஒரு சின்னக் கொம்பு, அதில் நாலு பெயர்கள். மூன்று பெயர் ஐயா அவர்களின் கட்டுரையிலிருந்து எடுத்தவை, பழனி, ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு என்று சொன்னேன். நாலாவதை ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்திருந்தேன்.

அது எந்த ஊர் என்று அவரே சிரித்துக்கொண்டு கேட்டார். காகிதத்தை எடுத்தேன். இந்தக் கல்லூரியின் மாணவர் விடுதிக்குப் பின்புறம் என்று திரையில் வந்தது.

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். பேராசிரியரின் விரல் மேசையில் தட்டத் தொடங்கி, பாதியில் நின்றது. இத்தனை வருடம் சமையலறையில் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை அப்போது சொன்னேன்.

"ஓணான் மேல பேரு எழுதியிருக்கான்னு அன்னைக்குக் கேட்டீங்க சார். எழுதியிருக்கு. என் பேரு இல்ல, அது பொறந்த எடத்துப் பேரு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. இரண்டாவது வரிசையில் இருந்த அக்கா மகனைப் பார்த்தார். பிடித்து வந்தது நான் இல்லை என்று மைக்கிலேயே சொன்னார். சபையில் அத்தனை தலையும் அவன் பக்கம் திரும்பியது. அவன் எழுந்து நின்றான். முகமெல்லாம் வியர்வை.

"என்னைய எதுக்கு மாமா பாக்குறீங்க? இந்த வெயில்ல எதுக்குடா பழனி வரைக்கும் போற, எல்லாம் ஒரே ஒடக்கான்தான்னு சொன்னதே நீங்கதானுங்க."

எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுதினால் படிக்கிறவர்கள் என்னை நல்லவள் என்பார்கள். பாவமாக இல்லை. குளிரக் குளிரத் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. மத்தியானம் சாப்பாட்டில் பாயசம் இரண்டாவது தடவை வாங்கிக் குடித்தேன்.

சாயங்காலம் வராந்தாவில் அவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். பையன் பிழைப்பு போய்விடும், இதை இதோடு விட்டுவிடு என்று கேட்டார். அவனுடைய வேலையைப் பற்றி நான் யாரிடமும் பேசப் போவதில்லை, ஆனால் தொகுப்பில் போட்ட மூன்று ஊரையும் நீங்கள் உங்கள் கையால் திருத்த வேண்டும் என்றேன். அந்தப் பொய் அங்கே கிடக்கிறவரைக்கும் என் ஆய்வேடு தேறாது என்பது அவருக்கும் தெரியும். இன்னொன்றும் இருந்தது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து விடுதி தெரிந்தது. பின்னால் பொட்டலை மண் அள்ளும் இயந்திரத்தால் சமப்படுத்திப் புதுக் கட்டடத்தின் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் இனி ஓர் ஓணானும் இல்லை. அவை இருந்ததற்கு மிச்சமாக இருப்பது அந்த எழுத்துகள் மட்டும்தான். அதுவும் வேறு ஊர்ப் பெயரில்.

மறுநாள் பிரவுசிங் சென்டருக்கு வந்தார். கம்ப்யூட்டர் வேலைக்கெல்லாம் எப்போதும் ஆள் வைத்திருந்தவர், இரண்டு விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினார். மேசையில் தாளம் போட்ட அதே விரல். இந்த ஓணான் பழனியில் பிடித்தது இல்லை, திண்டுக்கல்லில் ஒரு விடுதிக்குப் பின்புறம் பிடித்தது, பிழைக்கு நானே பொறுப்பு. தொகுப்பை நடத்துகிறவர்களுக்கு அப்படி ஓர் ஈமெயில். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அனுப்பி முடித்ததும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

மூன்று ஊரையும் ஒரே ஈமெயிலில் எழுதியிருக்கலாம். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

"போதுமாம்மா?" என்று கேட்டார்.

"இன்னும் ரெண்டு ஊரு இருக்கு சார். உக்காருங்க" என்றேன்.